பை மாற்றிய உரம்

பால்காரம்மாவின் மாடுகள் எலும்பு கடிக்க ஆரம்பித்த விஷயம் வெளியே தெரிந்திருந்தால், அவள் அப்போதே பாதி செத்திருப்பாள். குளத்தங்கரையில் இருந்த கீழ்ப் புல்வெளியில், என்றைக்கோ நாய் இழுத்துவந்து போட்ட எலும்பை ஒரு கறவை மாடு கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது. இன்னொன்று வேலிக் கம்பத்தை நக்கி நக்கி வழவழப்பாக்கி வைத்திருந்தது. பார்ப்பவர்கள் மாட்டைப் பட்டினி போடுகிறாள் என்றல்லவா நினைப்பார்கள். அவள் எலும்பைப் பிடுங்கி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குழி தோண்டிப் புதைத்தாள். மறுநாள் மாடு வேறொரு எலும்பைக் கண்டுபிடித்தது. மாட்டுக்கு ஏது மானம் மரியாதை.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் கவலை. அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் அவர்களுக்காகத்தான் பால் கேனைப் பளபளவென்று தேய்ப்பாள், தொழுவத்தை நாளுக்கு இரண்டு தடவை கழுவுவாள். பால் சுத்தம் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயர்தான் அவளுக்குச் சோறு போட்டது, அதனால் அதை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது.

பிரசவம் பார்க்க வந்த மாட்டு டாக்டர் வேலிக் கம்பத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் பிடித்துவிட்டார். மண்ணில் மணிச்சத்து வற்றிவிட்டது, கடைக்காரன் பாஸ்பரஸ் என்பானே அதுதான் என்றார். வருஷக்கணக்கில் புல்லாகவும் பாலாகவும் எடுத்தீர்கள், திருப்பி என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். மண்ணில் இல்லாதது புல்லில் இல்லை, புல்லில் கிடைக்காததை மாடு எலும்பில் தேடுகிறது. கடை உரம் போட்டுப் பார்க்காமல் இல்லை. ஆனால் அந்த நிலம் குளத்தைப் பார்த்துச் சரிந்து கிடந்தது. போட்ட உரத்தை ஒவ்வொரு மழையும் வாரிக்கொண்டு போனது.

அப்போதுதான் தம்பி பேச்சுவாக்கில் தன் வெள்ளை மணிகளைப் பற்றிச் சொன்னான்.

தம்பி டவுனின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். கல்யாணம் ஆகாதவன், நிலையத்தின் பக்கத்திலேயே ஓர் அறையில் இருந்தான். லீவு நாளில் அக்கா வீட்டுக்கு வருவான். வருவதற்கு முன் சோப்பு கரையும் வரை தேய்த்துக் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வருவான். பால்காரம்மாவின் புருஷன் அவனுக்கு 'அத்தர்' என்று பெயர் வைத்திருந்தார். "அத்தர் வர்றார், ஜன்னலைத் திறந்து வைங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். தம்பியும் சேர்ந்து சிரிப்பான். பால்காரம்மாவும் சிரிப்பாள். வெளியே யாராவது தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டால், தண்ணீர் இலாகா என்பாள். எந்தத் தண்ணீர் என்று தெரிந்தவர்களும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

முன்பெல்லாம் கழிவுநீரில் வரும் அந்த மணிச்சத்து குழாய்க்குள் கல்லாகப் படிந்து அடைத்துக்கொள்ளும், உளியால் கொத்தித்தான் எடுப்போம் என்றான் தம்பி. இப்போது அதற்கென்று உயரமான தொட்டி ஒன்று கட்டி, உப்பு ஒன்றைக் கலந்து சுற்றவிட்டால், மிளகு அளவில் வெள்ளை மணிகளாக அடியில் இறங்குகிறது. காயவைத்து, சோதனைக்கு அனுப்பி, அனுமதி வாங்கி, உரமாகவே விற்கிறார்கள். தண்ணீரில் லேசில் கரையாது, வேர் வந்து தொட்டால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். மழைக்கு முன்னால் போட்டாலும் ஓடாது. உன் சரிவு நிலத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி எடுத்து நீட்டினான்.

"மோந்து பாருக்கா. ஒரு வாசனையும் இருக்காது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது எங்கேர்ந்து வருதுன்னு நினைக்கிற? உன் பாலைக் குடிச்சவங்ககிட்டேர்ந்துதான்க்கா. உன் நிலத்துலேர்ந்து போனது உன் நிலத்துக்கே வருது."

"இதை என் வீட்டு வாசல்ல நின்னு சொல்லாதே" என்றாள் அவள். "யார் காதுலயாவது விழுந்தா ஒருத்தரும் என் பாலைத் தொட மாட்டாங்க."

ஆனால் மாடு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அதனால் உரம் வேண்டும், உரத்தின் பெயர் வேண்டாம். அடுத்த லீவுக்குத் தம்பி கொண்டுவந்த நிலையத்துப் பையில் எட்ட நின்றே படிக்கும்படி 'கழிவுநீர்' என்ற சொல் அச்சடித்திருந்தது. கடை உரப் பையில் மாற்றிக் கொடுக்கச் சொன்னாள். பச்சை இலைப் படம் போட்ட காலிப் பைகள் அவள் கொட்டகையில் கிடந்தன. தம்பி முதல் தடவையாக அவளிடம் முடியாது என்றான். வேறு கம்பெனிப் பையில் போட்டுக் கொடுத்தால் வேலையே போய்விடும், அதோடு ஒளித்து வைக்க இதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். அப்படியானால் எடுத்துக்கொண்டு போ என்றாள் அவள். தம்பி மூட்டைகளைக் கொட்டகையில் இறக்கிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

பால்காரம்மாவும் புருஷனும் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு உரத்தைப் பை மாற்றினார்கள். மாப்பிள்ளைக்குச் சட்டை மாற்றிவிடுவது போல இருக்கிறது என்று புருஷன் கிண்டலடித்தார். நிலையத்துப் பைகளைக் கொல்லையில் போட்டு எரித்தார்கள். பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் பொழுது சாயும்வரை சுற்றிக்கொண்டிருந்தது. உரத்துக்கு இல்லாத நாற்றம் அதை மறைத்ததில் வந்தது.

அவள் உரம் தூவிய அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. குளத்துக்கு எதிர்ப்பக்கம் மேட்டில் வீடு கட்டியிருந்தவர் வேலியோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். மேட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். மனைவி போன பிறகு தனியாக இருப்பவர். தாயை இழந்த ஒரு கிடேரிக் கன்றைப் புட்டிப் பால் கொடுத்து வளர்த்தார். அது அவர் கூடவே கடைத்தெரு வரை வரும், அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும். அவர் நிலமும் குளத்தைப் பார்த்துச் சரிந்ததுதான். "மழை வர்ற நேரத்துல உரம் போடறியே தங்கச்சி, எல்லாம் குளத்துக்குத்தானே போகும்?" என்று அக்கறையாகத்தான் கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவள் வாயில் வந்தது வேறு.

"இது புது மாதிரிண்ணே. அதே இலைப் படக் கம்பெனிதான். மழையில ஓடாது. ஒரே தடவையா கனமா போட்டுடலாம்."

ஒரு பொய் தனியாக நிற்காது, இன்னொரு பொய்யை முட்டுக் கொடுக்க வேண்டும். பையை மறைக்க மட்டும்தான் நினைத்தாள். அன்றைக்குத் தம்பி சொன்ன உண்மையை எடுத்துக் கடைக்காரன் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

முதலில் புல் சுரணையில்லாமல் கிடந்தது. ஏமாந்தோம் என்றே நினைத்தாள். பிறகு மெல்ல அடிக்கட்டை தடித்து, காணாமலே போயிருந்த பயறுக்கொடிகள் இடையிடையே தலைநீட்டின. மாடுகள் வேலிக் கம்பத்தை மறந்தன. தம்பி வந்து புல்லுக்குள் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். பால் வாங்க வந்தவர்களிடம் அவள், கடை உரம்தான், நேரம் பார்த்துப் போட வேண்டும் என்றாள். பக்கத்தில் நின்ற தம்பி கேனை எடுத்துக் கழுவப் போய்விட்டான்.

அந்தப் புல்லைப் பார்த்துத்தான் மேட்டுக்காரர் கடைக்குப் போய் இலைப் பட மூட்டைகளை வாங்கினார். ஒரே தடவையாகக் கனமாகத் தூவினார். மழை வருமே என்று கடைக்காரன் சொன்னானாம். பால்காரம்மாவே சொன்னாள், அவளைவிட உனக்குத் தெரியுமா என்று அவன் வாயை அடைத்தாராம். மழை கொட்டித் தீர்த்தது. அதன் பின் வெயில் மண்டையைப் பிளந்தது. குளம் பெயிண்ட்டைக் கொட்டிய மாதிரிப் பச்சையாயிற்று. கரையோரம் பாசி ஆடை கட்டி நாறியது. பால்காரம்மாவின் மாடுகளுக்குத் தொழுவத்தில் குழாய்த் தண்ணீர் உண்டு. புட்டிப் பால் குடித்து வளர்ந்த கிடேரி குளத்தில் வாய் வைத்தது. கரையிலேயே கால் உதைத்துக்கொண்டு செத்தது. மேட்டுக்காரர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்ததை அவள் தன் புல்வெளியிலிருந்து பார்த்தாள். போய்ப் பக்கத்தில் நிற்கக் கால் வரவில்லை.

பாசியின் விஷம் என்றார் மாட்டு டாக்டர். குளத்தில் எங்கிருந்தோ உரச்சத்து அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது என்றார். அந்த 'எங்கிருந்தோ' போதாதா? மறுநாள் பால் கொடுக்கும் இடத்தில் அதே பேச்சு. கடை உரத்தை யாரும் சந்தேகப்படவில்லை, அதைத்தான் எல்லோரும் போடுகிறார்களே. டவுன் கழிவுநீர்க் குழாய் எங்காவது உடைந்து குளத்தில் கலந்திருக்கும் என்றார் ஒருவர். நிலையத்திலேயே ராத்திரியில் திறந்துவிடுவார்கள் என்றார் இன்னொருவர். அங்கேதானே நம் அத்தர் இருக்கிறார் என்றது ஒரு குரல். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அந்தக் கும்பலுக்குப் பின்னால் மேட்டுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்.

"அவன் அங்க என்ன பண்றான்னு எனக்குத் தெரியாது" என்றாள் பால்காரம்மா. "நான் கேக்கறதும் இல்ல."

சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் உடம்பு கூசியது. கூடப் பிறந்தவனைத் தெரியாது என்று சொல்ல நாக்கு எப்படி அவ்வளவு சரளமாகப் புரண்டது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த நாக்கைப் பிடுங்கிப் போட்டால் தேவலை என்று தோன்றியது. ஆனாலும் திரும்பிப் போய் மாற்றிச் சொல்லவில்லை.

சாயங்காலம் தம்பி வந்தான். குளத்தைச் சுற்றி நடந்து, மேட்டுச் சரிவில் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தான். மேட்டில் கடை உரத்தைக் கனமாகப் போட்டார்களா, மழைக்கு முன்பா என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அப்படிப் போடலாம் என்று அவருக்கு யார் சொன்னது என்று கேட்டான். அவள் சுவரோரம் அடுக்கியிருந்த காலிப் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"சரி, நீ எதுவும் பேசாதே" என்றான். "நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும், தெரிந்தால் சும்மா இருக்க முடியாது. சும்மா இருப்பதில் உள்ள சுகத்தை அவள் இழக்க விரும்பவில்லை.

மறுநாள் பால் கறந்து முடித்த வேளையில் மேட்டுக்காரரே வாசலுக்கு வந்தார். கன்று செத்த துக்கம் முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அவள் மேல் கோபமில்லை. அதற்குப் பதில் பரிதாபமாகப் பார்த்தார். முந்தின நாள் இருட்டியதும் அவள் தம்பி தன் வீட்டுக்கு வந்து, மேட்டில் போட்ட கடை உரம்தான் மழையில் குளத்துக்கு இறங்கியது என்று விளக்கி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். நிலையத்து உரத்தை அக்காவுக்குத் தெரியாமல் கடைப் பையில் மாற்றிக் கொடுத்தது தான்தானாம். அக்கா கடை உரம் என்று நம்பித்தான் போட்டாளாம், நம்பித்தான் அவரிடமும் சொன்னாளாம், அவள் மேல் தப்பே கிடையாதாம்.

"உன் தம்பி உன்னையும் ஏமாத்திட்டான், என்னையும் ஏமாத்திட்டான்" என்றார். "நீ என்ன பண்ணுவ, பாவம். நேத்தே அவங்க மேனேஜருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். இன்னிக்கு அவனைக் கூப்பிட்டு விசாரிப்பாங்களாம்."

புருஷன் மேட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, விடு, அப்படியே இருக்கட்டும் என்று கண்ணால் ஜாடை காட்டினார். அவருக்கும் உள்ளூர உறுத்தல்தான், முகம் கறுத்திருந்தது. இருந்தாலும் கழுவின வாசலில் யாரும் சேறு வாரி இறைக்க மாட்டார்கள் என்ற நியாயம் அவருக்கு. அவள் தலையை மட்டும் ஆட்டினால் போதும். பால் பிழைக்கும், பெயர் பிழைக்கும். மேட்டுக்காரர் இரக்கப்பட்டுவிட்டே போவார். தம்பிக்கு வேலை போகும். அதுவும் அவன் மாட்டேன் என்று சொன்ன அதே காரியத்தைச் செய்ததாக. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. இத்தனை நாள் எதை நினைத்தெல்லாம் குமட்டிக்கொண்டிருந்தாளோ, அதிலெல்லாம் வராத குமட்டல்.

"அவன் பொய் சொல்றான்ணே" என்றாள். "பையை மாத்தினது நான். என்ன உரம்னு தெரிஞ்சேதான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன். கடை உரம் மழையில ஓடும்னும் எனக்குத் தெரியும்."

மேட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டார். சாக்கடை உரம் என்று தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று இருந்தது என்றாள்.

"நான்தானே கேட்டேன், நாலு பேரா கேட்டாங்க? நேரா சொல்லியிருந்தா நானும் அதையே வாங்கிப் போட்டிருப்பேனே தங்கச்சி. என் கன்னுக்குட்டி இருந்திருக்குமே."

அவர் எழுந்து தெருவில் இறங்கினார். கொஞ்ச தூரம் போனவர் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"நேத்து அவனைக் கை நீட்டி அடிச்சுட்டேன். கன்னத்துல. தடுக்கக்கூட இல்ல, நின்னு வாங்கிக்கிட்டான்."

பால்காரம்மா கை கழுவவில்லை, துணி மாற்றவில்லை. புருஷன் கூட வருகிறேன் என்று செருப்பைத் தேடினார், வேண்டாம் என்றாள். போனில் சொன்னால் போதாதா என்றார். பொய்யை நேரில் நின்றுதானே சொன்னேன் என்றாள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் மேல் அடித்த சாணி வாடைக்கு முகம் சுளித்தார்களா என்று அவள் பார்க்கவில்லை. தம்பி அந்த வேலையில் சேர்ந்து முடியே நரைக்க ஆரம்பித்துவிட்டது. அவள் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. கண்டக்டரிடம் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கேட்டுத்தான் இறங்கினாள்.

இரும்புக் கேட்டின் முன் நின்றதும் அவள் கை தானாக மூக்குக்குப் போயிற்று. அப்படியொன்றும் நாற்றம் வரவில்லை. மழைக்குப் பின் மண் கிடப்பது போல ஒரு ஈர வாடை, அவ்வளவுதான். கையைக் கீழே இறக்கிக்கொண்டாள், யாரோ பார்த்துவிட்டது போல வெட்கமாக இருந்தது. உள்ளே வட்ட வட்டத் தொட்டிகளில் தண்ணீர் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நடைபாதையின் ஓரத்தில் புல் வளர்த்துக் கத்தரித்து விட்டிருந்தார்கள்.

வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். சொன்னாள். நீங்கள் யார் என்று கேட்டான்.

"அவன் அக்கா."

வாட்ச்மேன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "அவருக்கு அக்காவா? கூடப் பொறந்தவங்க யாரும் இல்லைன்னுல்ல சொல்லியிருக்கார். லீவுக்கு எங்க போறீங்கன்னு கேட்டா, தெரிஞ்சவங்க வீட்டுக்குன்னுதான் சொல்லுவார்."

தன்னை அவன் தண்ணீர் இலாகா ஆக்கியிருந்தான். கோபித்துக்கொண்டு செய்திருக்க மாட்டான், அது அவன் சுபாவம் இல்லை. அக்கா இருக்கிறாள் என்று சொன்னால், ஏன் ஒரு நாளும் வந்து பார்ப்பதில்லை என்று கேட்பார்களே, அந்தக் கேள்வியிலிருந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறான். அவமானம் என்றால் என்னவென்று தனக்கு நன்றாகத் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாள். அது எலும்பு கடிக்கிற மாட்டைப் பற்றிய சமாச்சாரம் இல்லை என்று அந்தக் கேட்டின் முன் நின்றபோது விளங்கியது.

வாட்ச்மேன் போனை எடுத்து, உங்க அக்கான்னு ஒருத்தங்க வந்திருக்காங்க என்றான். பிறகு வெகுநேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். வைக்கும்போது அவன் குரல் மாறியிருந்தது.

"நீங்க உள்ள வர வேணாமாம்மா. துணியில வாடை ஏறிடுமாம், பால் வாங்கறவங்க ஏதாவது சொல்லுவாங்களாம். இங்கயே நிக்கச் சொன்னார். அவரே வெளிய வர்றாராம்."

பால்காரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவன் வந்து சமாதானம் சொல்வான், சொல்லிவிட்டுப் பஸ் ஏற்றியும் விடுவான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டின் கம்பியைப் பிடித்தாள்.

"அவனை அங்கயே இருக்கச் சொல்லுங்க" என்றாள். "மேனேஜர் ரூம் எங்க இருக்குன்னு காட்டுங்க. நான்தான் உள்ள வரணும்."